முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள்: கணினி சர்வீஸ் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் ஊர்களெங்கும் கணினி சர்வீஸ் கடை நடத்தும் நண்பர்களுக்கும், அந்தக் கடைகளின் மேசைகளில் திருப்புளியுடன் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம்.

நான் மதுரையில் பதினான்கு ஆண்டுகளாகத் தரவு மீட்பு வேலை செய்து வருகிறேன். என்னிடம் வரும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை உங்கள் கைகளைக் கடந்துதான் வருகின்றன. வாடிக்கையாளர் முதலில் ஓடி வருவது உங்களிடம்தான். நீங்கள் அவருடைய தெருவில் இருக்கிறீர்கள், அவருடைய பிரிண்டரைச் சரிசெய்தவர், அவர் மகளுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தவர். அந்த நம்பிக்கையோடு அவர் உங்கள் மேசையில் வைக்கும் எஸ்எஸ்டியை (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும், சுழலும் தட்டில்லாத சேமிப்பு டிரைவை) முதல் அரை மணி நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் என் வேலை இருக்கிறது, பல சமயம் இல்லாமல் போகிறது. இதை ஒருவருக்கு ஒருவர் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். இப்போது எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

சென்ற ஆடி மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். ஒன்பது ஆண்டுகள் சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் அலைந்து, வயதான பெண்களிடம் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் ஒலிப்பதிவு செய்தவர். பாடியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. எல்லாம் ஒரே லேப்டாப்பில், ஒரே கோப்புறையில். விடுமுறைக்கு வந்த பேரன், விளையாட்டு ஒன்றை ஏற்றுவதற்கு இடம் போதவில்லை என்று அந்தக் கோப்புறையை ஒரேயடியாக அழித்துவிட்டான். மறுநாள் காலையில் டீச்சர் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் அதே லேப்டாப்பில், அதே டிரைவில், மீட்பு மென்பொருள் ஒன்றை நிறுவி இரண்டு இரவுகள் ஓட்டினார். பட்டியல் வந்தது. அத்தனை கோப்புகளின் பெயர்களும் வந்தன. பக்கத்திலேயே ‘நல்ல நிலை’ என்று பச்சை நிறத்தில் குறிப்பும் வந்தது. “எல்லாம் கிடைத்துவிட்டது டீச்சர்” என்று கடைக்காரர் சொன்னார். டீச்சர் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழுதாராம்.

கோப்புகளைத் திறந்தபோது ஒன்றிலும் குரல் இல்லை. என்னிடம் வந்தபின் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெயர் சரி, தேதி சரி, அளவு ஒரு பைட்கூடப் பிசகவில்லை. உள்ளே முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சுழியம், சுழியம், சுழியம்.

அந்தக் கடைக்காரர் ஏமாற்றுக்காரர் அல்லர். ஹார்டு டிஸ்க் காலத்தில் அவர் கற்றுக்கொண்டது அப்படியே சரியானது. 2013 வாக்கில் நானும் ஒரு எஸ்எஸ்டியை இதேபோல் இரவெல்லாம் ஸ்கேன் செய்து ஒரு மாணவரின் ஆய்வேட்டைத் தொலைத்திருக்கிறேன். அந்தத் தவறு நடக்கும் இடம் எது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால், பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே ‘இந்த இடம் காலி’ என்று ஒரு குறி விழுகிறது, அவ்வளவுதான். தட்டில் இருந்த காந்தப் பதிவு அசையாமல் கிடக்கும். வேறு ஏதாவது வந்து அதன்மேல் எழுதும்வரை அதை எடுத்துவிடலாம். வீட்டைக் காலி செய்ததாகக் கணக்குப் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது, ஆனால் சாமான்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன என்பது போன்ற நிலை. நம் தொழில் முழுவதும் அந்தத் தாமதத்தின்மேல்தான் நின்றது.

எஸ்எஸ்டிக்கு அந்தத் தாமதம் கட்டுப்படியாகாது. அதில் இருக்கும் ஃபிளாஷ் சில்லில் எழுதியதன்மேல் நேரடியாக மறுபடி எழுத முடியாது. எழுதுவது சிறு பக்கங்களாக, சில கிலோபைட் அளவில். ஆனால் துடைப்பது பல மெகாபைட் கொண்ட பெரிய தொகுதியாகத்தான். ஒரு பக்கம் வீணாகிவிட்டால், அதே தொகுதியில் பயனில் இருக்கும் மற்ற பக்கங்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, மொத்தத் தொகுதியையும் துடைக்க வேண்டும். எழுதுவதற்குக் கை நீட்டும்போதெல்லாம் இதைச் செய்துகொண்டிருந்தால் டிரைவ் ஊர்ந்து போகும். அதனால் ஓய்வு நேரத்தில் முன்கூட்டியே துடைத்து வைத்துக்கொள்கிறது. எது வீண், எது பயன் என்று டிரைவுக்கு யார் சொல்வது? இயங்குதளம் சொல்ல வேண்டும். அதற்காக வந்த கட்டளைதான் டிரிம். விண்டோஸ் 7 வெளிவந்த 2009இல் அது பரவலாயிற்று, 2010இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியிலும் சேர்ந்தது. இன்று நீங்கள் விற்கும் ஏறத்தாழ எல்லா லேப்டாப்பிலும் அது தானாகவே இயங்குகிறது. போதாக்குறைக்கு, விண்டோஸ் வாரம் ஒருமுறை டிரைவைச் சீர்செய்கிறேன் என்று காலி இடம் முழுவதற்கும் மறுபடி அதே கட்டளையை அனுப்புகிறது.

மறுசுழற்சித் தொட்டியைக் காலி செய்த நொடியில், அல்லது விரைவு ஃபார்மேட் கொடுத்த நொடியில், அந்த இடங்களெல்லாம் வீண் என்று டிரைவை உள்ளிருந்து நடத்தும் சில்லான கன்ட்ரோலருக்குச் செய்தி போய்விடுகிறது. அதன்பின் அந்த இடத்தைப் படிக்கக் கேட்டால் பெரும்பாலான டிரைவ்கள் சுழியத்தைத்தான் தருகின்றன. சில்லில் பழைய மின்னூட்டம் இன்னும் இருந்தாலும்கூடத் தருவதில்லை. கோப்புகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் தனி இடத்தில் இருப்பதால் தப்பிவிடுகிறது. மென்பொருள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பச்சை நிறத்தில் ‘நல்ல நிலை’ என்கிறது. உள்ளடக்கத்தை அது படித்துப் பார்த்துச் சொல்வதில்லை. டீச்சரை அழவைத்தது அந்தப் பச்சை நிறம். தயவுசெய்து, ஸ்கேன் பட்டியலைக் காட்டி யாரிடமும் ‘கிடைத்துவிட்டது’ என்று சொல்லாதீர்கள். ஐந்து கோப்புகளையாவது வேறொரு டிஸ்க்கில் சேமித்து, திறந்து, கேட்டு, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

2010இலேயே ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மர்டாக் பல்கலைக்கழகத்தில் கிரேம் பெல், ரிச்சர்ட் பாடிங்டன் என்ற இருவர் இதைச் சோதித்து எழுதினார்கள். விரைவு ஃபார்மேட் செய்த எஸ்எஸ்டி, கணினி எதுவும் கேட்காமலேயே, சில நிமிடங்களுக்குள் தன்னைத்தானே துடைத்துக்கொண்டதை அவர்கள் பார்த்தார்கள். டிரைவில் கணினி எதையும் எழுதாமல் தடுக்க, தடயவியல் துறையினர் பயன்படுத்தும் எழுத்துத் தடுப்பானை இடையில் மாட்டினாலும் பயனில்லை, ஏனென்றால் துடைக்கும் வேலை டிரைவுக்கு உள்ளேயே நடக்கிறது. இந்த ஒரு செய்தியை உங்கள் மேசைக்கு மேலே எழுதி ஒட்டி வையுங்கள்: மின்சாரம் இருக்கும்வரை எஸ்எஸ்டி துடைத்துக்கொண்டே இருக்கும். டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு மின்சாரத்தை மட்டும் விட்டாலும் துடைக்கும்.

ஆகவே ‘தவறுதலாக அழித்துவிட்டேன்’ என்று ஒருவர் வந்தால் முதல் வேலை, லேப்டாப்பை இயக்காமல் இருப்பது. இயங்கிக்கொண்டிருந்தால் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பது, பின்புற மூடியைத் திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. தொலைபேசியில் கேட்கிறார் என்றால், கடைக்கு வருவதற்கு முன்பே அவரை அப்படி அணைக்கச் சொல்வது. சில கன்ட்ரோலர்களில், துடைப்பு தொடங்குவதற்கு முன் மின்சாரம் நின்றிருந்தால், டிரைவைத் தொழில்நுட்ப நிலைக்குக் கொண்டுபோய், டிரிம் போட்ட திரையை விலக்கிச் சில்லை நேரடியாகப் படிக்கும் கருவிகள் எங்களிடம் இருக்கின்றன. பெரும்பாலும் அது கைகூடுவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு இரவுகள் ஓடிய டிரைவிலோ அந்தச் சிறு வாய்ப்புக்கும் இடமில்லை.

எல்லா எஸ்எஸ்டியும் இப்படித்தான் என்று நினைத்து யாரையும் கைவிட்டுவிடவும் வேண்டாம். கோப்பு அமைப்பின் குறிப்புகள் கெட்டுப்போய், விண்டோஸ் டிரைவை அடையாளம் காண முடியாமல் ‘ரா’ (RAW) என்று காட்டினால், எதுவும் அழிக்கப்படவில்லை, டிரிம்மும் போயிருக்காது. அங்கே பழைய முறைகள் இன்றும் நன்றாக வேலை செய்கின்றன. வெளிப்புற யுஎஸ்பி பெட்டிகளில் சில டிரிம் கட்டளையைக் கடத்துகின்றன, சில கடத்துவதில்லை. கல்யாண வீடியோ எடுப்பவர்கள் கொண்டுவரும் கையடக்க எஸ்எஸ்டிகளில் இதனாலேயே சில சமயம் எதிர்பாராமல் நல்லது நடக்கிறது. எது எப்படியானாலும், மூல டிரைவில் நேரடியாக ஸ்கேன் செய்யாமல், முதலில் முழுப் பிம்பத்தையும், அதாவது டிரைவின் அச்சு அசலான நகலை, வேறொரு டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தடுமாறும் இடங்களைத் தாண்டிப்போய்ப் பிறகு திரும்பி வரும் பொறுமை அதற்கு உண்டு.

இப்போது இரண்டாவது வகைக்கு வருகிறேன். யாரும் எதையும் அழிக்கவில்லை, நேற்றுவரை ஓடியது, இன்று பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரையில்) டிரைவே தெரியவில்லை. இங்கே நான் மேலே சொன்ன அவசரம் பொருந்தாது, சில சமயம் நேரெதிரானது பொருந்தும்.

எந்தத் தரவு எந்தச் சில்லில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்குக் கன்ட்ரோலர் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்த வரைபடம் அரைகுறையாக நின்றுவிடலாம். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஹெச்பி ஆய்வகமும் சேர்ந்து 15 எஸ்எஸ்டிகளை வேண்டுமென்றே மின்தடைக்கு உள்ளாக்கிப் பார்த்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். 15இல் 13 ஏதோ ஒரு வகையில் பிழைபட்டன. பேட்டரி இல்லாத மேசைக் கணினியில், யுபிஎஸ் இல்லாமல், மின்தடையை அன்றாடம் பார்க்கும் ஊர்களில் நாம் இதே டிரைவ்களைத்தான் மாட்டிக் கொடுக்கிறோம். (யுபிஎஸ் விற்காமல் மேசைக் கணினிக்கு எஸ்எஸ்டி விற்காதீர்கள் என்பது என் தனிப்பட்ட பிடிவாதம்.)

இப்படி மின்தடைக்குப் பின் காணாமல் போகும் டிரைவ்களில் சில, மின்சாரம் மட்டும் கிடைத்து, யாரும் எதுவும் கேட்காமல் அரை மணி நேரம் விடப்பட்டால், தம் வரைபடத்தைத் தாமே கட்டிக்கொண்டு எழுந்துவிடுகின்றன. சாட்டா டிரைவ் என்றால் டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு மின்கேபிளை மட்டும் விடலாம். கேபிள் இல்லாமல் போர்டிலேயே செருகும் எம்.2 என்றால் பயாஸ் திரையிலேயே கணினியை நிறுத்திவைக்கலாம். எழுந்தால் உடனே பிம்பம் எடுங்கள், விண்டோஸுக்குள் போகவிடாதீர்கள். எழாவிட்டால் மறுபடி மறுபடி முயலாமல் நிறுத்திவிடுங்கள். அழிப்புக்கு இந்த வைத்தியம் விஷம், மறந்துவிட வேண்டாம். அதனால்தான் வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘என்ன மாடல்’ அல்ல, ‘கடைசியாக என்ன நடந்தது’ என்பது.

ஃபைசன் நிறுவனத்தின் எஸ்11 கன்ட்ரோலர் உள்ள மலிவு விலை டிரைவ்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் தன் பெயரை மறந்து ‘சாட்டாஃபர்ம் எஸ்11’ என்று பயாஸில் காட்டும். உடனே காணொளி பார்த்து, டிரைவின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றுகிறீர்கள். டிரைவ் பிழைக்கிறது, உண்மைதான். ஆனால் காலியாகப் பிழைக்கிறது. வரைபடம் புதிதாக எழுதப்பட்டுவிடுவதால் பழைய தரவுக்கு வழி அடைந்துவிடுகிறது. அதே டிரைவ் தொடாமல் வந்திருந்தால், எங்கள் மேசையில் மீள்வதற்கு நல்ல வாய்ப்புள்ள டிரைவ்களில் அதுவும் ஒன்று. தரவு வேண்டாம், டிரைவ் மட்டும் ஓடினால் போதும் என்று வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்தால் தாராளமாக ஏற்றுங்கள்.

சில்லைக் கழற்றிப் படிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பென்டிரைவிலும் மெமரி கார்டிலும் அது பல சமயம் கைகொடுக்கிறது. அந்தப் பழக்கத்தில் ஹீட் கன்னை எடுத்து எஸ்எஸ்டியில் வைக்காதீர்கள். இன்றைய கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை சில்லுக்குப் போகும் ஒவ்வொரு பைட்டையும் மறைகுறியாக்கித்தான் எழுதுகின்றன, சாவி கன்ட்ரோலரோடு இருக்கிறது. கழற்றிய சில்லில் இருப்பது வெறும் இரைச்சல். ஆப்பிளின் டி2, எம்1 முதலான சில்லுகள் வந்த மேக்புக்குகளில் இது இன்னும் கடுமை: சேமிப்பு, போர்டின் செயலியோடு பிணைக்கப்பட்டது. போர்டைப் பழுதுபார்த்து உயிர்ப்பித்தால்தான் தரவு. போர்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பழையதை உதிரிக்காக வைத்துக்கொண்டால், அந்தக் குடும்பத்தின் நிழற்படங்கள் உங்கள் உதிரிப் பெட்டியில்தான் கிடக்கின்றன.

விண்டோஸின் மறைகுறியாக்க வசதியான பிட்லாக்கர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. டிரைவ் நலமாக இருந்தும் தரவு போவது இப்போது இதனால்தான் அதிகரிக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு விண்டோஸ் 11 அமைத்தால் பல லேப்டாப்புகளில் மறைகுறியாக்கம் சொல்லாமலே இயங்கத் தொடங்கிவிடுகிறது. 2024இல் வந்த 24ஹெச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகியிருக்கிறது. மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸில், சாவியைக் காக்கும் டிபிஎம் சில்லைத் துடைத்தாலோ, அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். சாவி எங்கே? எந்தக் கணக்கில் முதலில் நுழைந்தார்களோ அந்தக் கணக்கில். இங்கேதான் உங்கள் பங்கு வருகிறது. அவசரத்துக்கு உங்கள் கடைக் கணக்கைப் போட்டு நீங்கள் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்த லேப்டாப் ஒன்றின் சாவி, மூன்று ஆண்டுகளாக உங்கள் கடைக் கணக்கில் இருக்கிறது. வாடிக்கையாளருக்கும் தெரியாது, உங்களுக்கும் நினைவில்லை. என்னிடம் வந்த ஒரு தணிக்கையாளரின் லேப்டாப் இப்படித்தான் திறந்தது. அவர் நான்கு நாள் தேடி, முதலில் அமைத்துக் கொடுத்த கடைக்காரரைக் கண்டுபிடித்துப் போய்ச் சாவியை வாங்கி வந்தார். அந்தச் சாவி இல்லாமல் நானோ வேறு எவருமோ எதுவும் செய்திருக்க முடியாது. வாடிக்கையாளரின் சொந்தக் கணக்கிலேயே அமைத்துக் கொடுங்கள். அந்த 48 இலக்கங்களை அச்சிட்டு பில்லோடு கையில் கொடுங்கள். போர்டில் கை வைப்பதற்கு முன் சாவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

டீச்சரின் கதையை நான் பாதியில் விட்டுவிட்டேன். எஸ்எஸ்டியைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்ல மனம் வராமல், எதில் ஒலிப்பதிவு செய்தீர்கள் என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஒரு சிறு ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து வைத்தார். அதற்குள் ஒரு மெமரி கார்டு, வீட்டில் தையல் டப்பாவில் இன்னும் இரண்டு. பதிவுகளை லேப்டாப்புக்கு மாற்றியதும் கார்டைக் காலி செய்து அடுத்த ஊருக்குப் போவது அவர் வழக்கம். ஒலிப்பதிவுக் கருவிகள் பொதுவாகக் கார்டுக்கு டிரிம் போன்ற எதையும் அனுப்புவதில்லை. மூன்று கார்டுகளிலிருந்தும், மேலெழுதப்படாமல் மிஞ்சியிருந்த ஏறத்தாழ நாற்பது பாடல்களை எடுத்தோம். மற்றவை போனவை போனவைதான். அந்தக் கடையில் யாராவது முதல் நாளே ‘இது இங்கே வருவதற்கு முன் எங்கே இருந்தது?’ என்று கேட்டிருந்தால், இடைப்பட்ட மூன்று வாரங்களில் அவர் ஒரு கார்டை மறுபடி பயன்படுத்தி ஒரு கோவில் திருவிழாவைப் பதிவு செய்திருக்க மாட்டார்.

எஸ்எஸ்டியில் தரவு மீட்பு என்பது பாதிக்கு மேல் இந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றத் தொடங்கியிருக்கிறது. கேமராவின் கார்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி, மின்னஞ்சலில் போன இணைப்பு, நீங்களே கழற்றி ஓரமாக வைத்த பழைய ஹார்டு டிஸ்க். வேகத்துக்காக எஸ்எஸ்டி மாட்டும்போது அந்தப் பழைய டிஸ்க்கைத் துடைத்து விற்றுவிடாமல், ஓர் உறையில் போட்டுத் தேதி எழுதி வாடிக்கையாளரிடமே கொடுங்கள். அலமாரியில் கிடக்கும் ஹார்டு டிஸ்க் ஆண்டுக்கணக்கில் தாங்கும். எஸ்எஸ்டியை அப்படிப் பீரோவில் வைக்கச் சொல்லாதீர்கள். எழுதி எழுதித் தேய்ந்து ஆயுள் முடிந்த நிலையில் உள்ள சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரமில்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைத் தாங்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் தர அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல். வெப்பம் கூடினால் அந்தக் காலம் சுருங்கும். சித்திரை மாதம் வேலூரில் மாடி வீட்டுப் பீரோவுக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். புதிய டிரைவ் இதைவிட நெடுநாள் தாங்கும்தான், ஆனால் வாடிக்கையாளர் பீரோவில் வைப்பது பெரும்பாலும் பழையதைத்தான்.

சிறு அலுவலகங்களுக்கு, ஒன்று நின்றால் மற்றொன்று காக்கும்படி பிரதி டிஸ்க் அமைத்துக் கொடுப்பவர்களுக்கு ஒன்று. ஒரே நாளில் வாங்கிய ஒரே மாடல் எஸ்எஸ்டிகள் இரண்டை ஜோடியாகப் போடாதீர்கள். 2019 நவம்பரில், சர்வர்கள் தயாரிக்கும் ஹெச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் ஃபர்ம்வேர் பிழையால் நின்றுவிடும், அதன்பின் தரவு மீளாது என்று எச்சரித்துத் திருத்தம் வெளியிட்டது. ஒன்றாகத் தொடங்கியவை ஒன்றாக நிற்கும்.

கட்டணத்தைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். ‘நூறு சதவீதம் மீட்டுத் தருகிறோம்’ என்ற பலகையை எஸ்எஸ்டி விஷயத்தில் இறக்கிவிடுங்கள். முடியாததற்கு முன்பணம் வாங்க வேண்டாம். பார்த்துச் சொல்வதற்கு ஒரு நியாயமான கூலி வாங்குங்கள், அது உங்கள் உழைப்பு. முடியாது என்று முதல் நாளே சொல்லும் கடைக்கு மக்கள் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். டீச்சர்கூட அந்தக் கடைக்காரர்மேல் கோபப்பட்டது தரவு போனதற்காக அல்ல, ‘கிடைத்துவிட்டது’ என்று சொன்னதற்காக.

எனக்கோ வேறு எந்த மீட்பு மேசைக்கோ டிரைவை அனுப்பும்போது, நிலைமின் தடுப்பு உறையில் போட்டு, கூடவே ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதியில், அதன்பின் எவ்வளவு நேரம் மின்சாரத்தில் இருந்தது, நீங்கள் என்னென்ன செய்து பார்த்தீர்கள். எந்த மென்பொருளை ஓட்டினீர்கள், ஃபர்ம்வேரைத் தொட்டீர்களா என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். எழுதியதற்காக நான் ஒருபோதும் கோபித்துக்கொள்ள மாட்டேன், வாடிக்கையாளரிடம் காட்டவும் மாட்டேன். அந்தச் சீட்டு இல்லாத டிரைவில், நடந்ததை ஊகிப்பதற்கே எனக்கு ஒரு நாள் போய்விடுகிறது. அந்த ஒரு நாளும் அதை மின்சாரத்தில் வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் சக தொழிலாளி